கூடுவாஞ்சேரிக்கு ஒரு கர்ச்சீப்

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆபீஸில் ஜனவரியில் கொடுத்த டைரி. எட்டு மாதமாக டி.வி.க்கு அடியில் கிடந்தது. இன்று எடுத்துத் தூசி தட்டினேன். முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் நான் கற்றுக்கொண்டது, எதையும் எழுத்தில் வைக்க வேண்டும் என்பதுதான். நாளைக்கு யாராவது நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசினால் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும்.

விஷயம் இது. இன்று ஏழு இருபத்திரண்டு வண்டியில் எனக்கு உட்கார இடமில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து பார்க் ஸ்டேஷன் வரை ஒரு மணி பத்து நிமிஷம் நின்றேன். பதினோரு வருஷத்தில் இது இரண்டாவது தடவை. முதல் தடவையைப் பற்றி எழுதப் போவதில்லை.

பெண்கள் பெட்டி, இடது பக்கம், இரண்டாவது வரிசை, ஜன்னலோரம். அது என் இடம். வண்டி செங்கல்பட்டில் காலியாகப் புறப்படும். அங்கே ஏறுகிற பிலோமினா தான் ஒரு இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து ஜன்னலோரத்தில் எனக்காகக் கர்ச்சீப் போட்டு வைப்பாள். கர்ச்சீப் கிடக்கிற இடத்தில் இன்னொருத்தி உட்காரக் கூடாது. ரயில்வே போட்ட சட்டமில்லை, சீசன் டிக்கெட்காரிகள் நாங்களே போட்டுக்கொண்டது. அதை மீறியவளை இந்த லைனில் நான் பார்த்ததில்லை.

பிலோமினாவோடு நான் பிப்ரவரியிலிருந்து பேசுவதில்லை. அவளும் பேசுவதில்லை. ஆனாலும் கர்ச்சீப் விழுந்துகொண்டுதான் இருந்தது. கூடுவாஞ்சேரி நெருங்கும்போது அவள் எழுந்து கதவோரம் போய் நின்றுகொள்வாள். நான் உட்கார்ந்து கர்ச்சீப்பை மடித்து ஜன்னல் கம்பியில் செருகுவேன். எழும்பூரில் இறங்கும்போது அவள் அதை எடுத்துக்கொண்டு போவாள். அது ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான்.

இன்று அவளும் இல்லை, கர்ச்சீப்பும் இல்லை. நிற்பவளின் பையை உட்கார்ந்திருப்பவள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது இந்தப் பெட்டியின் இன்னொரு வழக்கம். என் பையை யாரும் கேட்கவில்லை. எதிரே குமுதா இருந்தாள். மறைமலைநகரில் ஏறுகிறவள், ஒன்பது வருஷமாக என்னோடு வருகிறவள். போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பை ஒன்றும் கனமில்லை.

வெள்ளிக்கிழமை பிலோமினா எடுக்க மறந்த கர்ச்சீப் என்னிடம் இருக்கிறது. வெள்ளையில் நீலக் கட்டம். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்தவள் பொருள் எனக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்றும் வரவில்லை. பல்லாவரத்தில் ஒருத்தி இறங்கினாள், இடம் கிடைத்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர் தைலம் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தார்: "எதுக்கு இந்தக் கஷ்டம், தனபாக்கியம்? வி.ஆர்.எஸ். எழிதிக் குடுத்துட்டு வீட்ல இரு."

"ஒம்போது மாசம் இருக்கு. மே முப்பத்தொண்ணு ரிட்டயர்மெண்ட். அன்னிக்குத்தான் வருவேன்."

"கால் இருந்தாத்தான வருவே?"

பேச்சைப் பார். எங்கள் ஆபீஸில் இரண்டு பேர் இப்படித்தான் மெடிக்கல் சர்டிபிகேட்டோடு போனார்கள். அவர்கள் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. கண்காணிப்பாளர் தனபாக்கியம் மாலை போட்டுக்கொண்டு நடந்து வெளியே வருவாள். அதற்கு எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஜன்னலோர இடம்.

பிலோமினா ஏன் வரவில்லை என்று யாரிடமும் கேட்கவில்லை. நான் ஏன் கேட்க வேண்டும்?

செப்டம்பர் 8, திங்கள்

இன்று என் இடத்தில் ஒரு மஞ்சள் கர்ச்சீப்.

பக்கத்தில் ஒரு பெண். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். கழுத்தில் ஏதோ லேபின் அடையாள அட்டை. பிலோமினா உட்காருகிற இடத்தில் தானும், என் இடத்தில் கர்ச்சீப்புமாகச் சட்டமாக உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழப் போனாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊரப்பாக்கம் போனது, வண்டலூர் போனது, இடம் காலியாகவே கிடந்தது. யாருக்காகவோ போட்டு வைத்து, அந்த மகாராணி வரவில்லை போலிருக்கிறது. பெருங்களத்தூரில் ஒரு காலேஜ் பெண் பொறுமையிழந்து கர்ச்சீப்பைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் நினைத்திருந்தால் உட்கார்ந்திருப்பேன். ஆனால் கர்ச்சீப் கிடக்கிற இடத்தில் உட்காருகிறவள் நான் இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மறுபடி அதே மஞ்சள். இன்று வாயைத் திறந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க உக்காருங்க."

"யாருக்குப் போட்ட இடம்?"

"பரவால்ல ஆன்ட்டி, நீங்க உக்காருங்க. உங்களுக்குக் கால்..."

அவ்வளவுதான், எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என் காலுக்கு என்ன? உன்கிட்ட வந்து சொல்லிச்சா? உன் இரக்கமெல்லாம் உங்க வீட்டோட வச்சுக்க."

பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் கால் விஷயம் ஆபீஸில் ஒருத்தருக்கும் தெரியாது. நேற்று ஏறியவளுக்குத் தெரிந்துவிட்டதாம். நான் நொண்டவில்லை. பிளாட்பாரத்தில் கொஞ்சம் நிதானமாக நடக்கிறேன், அது வயசுக்கு மரியாதை.

சாயங்காலம் தோசை மாவு வாங்கிவந்தேன். புளித்திருந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

மூன்றாவது நாள், நான்காவது நாள் என்று அந்த மஞ்சள் துணி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறது. இன்று எடுத்து ஜன்னல் வழியாக எறிந்துவிட்டேன். வண்டி அப்போதுதான் நகர்ந்தது. தண்டவாளத்துக்கு நடுவில் போய் விழுந்தது.

பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்தேன். கர்ச்சீப் இல்லை, ஆகவே இடம் பொது. சட்டப்படி சரி.

அவள் ஏதோ சொல்ல வந்து குமுதாவைப் பார்த்தாள். குமுதா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இருவரும் கூட்டு. எனக்குத் தெரியாமல் இந்தப் பெட்டியில் என்னவோ நடக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று பச்சைக் கர்ச்சீப். திமிர் என்றால் இதுதான் திமிர்.

செப்டம்பர் 15, திங்கள்

செய்ய வேண்டியதைச் செய்தேன். தாம்பரத்தில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்தில் இருந்த ரயில்வே போலீஸ் பெண்ணைக் கூப்பிட்டேன். "இந்தப் பொண்ணு தினமும் சீட்ட மடக்கி வைக்குது, வயசானவங்க நின்னுக்கிட்டு வர்றோம்" என்றேன். ஒரு வார்த்தை பொய்யில்லை.

போலீஸ்காரி ஏறி, "யாரும்மா அது? இது உங்க வீட்டு சோபாவா? எறங்கு, பேர எழுதிட்டுப் போ" என்றாள். அந்தப் பெண் எழுந்தாள். என்னைத்தான் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டாள். நீங்களே என்றால்? நான் யார் அவளுக்கு?

துப்பட்டாவை இழுத்து இழுத்து மார்பை மூடிக்கொண்டே இறங்கினாள். முன்பக்கம் ஈரமாக இருந்தது. தண்ணீர் பாட்டில் கொட்டிவிட்டது போல.

தண்ணீர் இல்லை. நானும் ஒரு பிள்ளை பெற்றவள்தான். பால் கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போன நாட்கள் எனக்கும் உண்டு.

வெண்டைக்காய் முற்றல். பாதியைக் கொட்டினேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அவள் வரவில்லை. இடத்தில் பொத்தேரியில் ஏறிய ஒரு நர்சிங் மாணவி உட்கார்ந்திருந்தாள். நின்றேன்.

செப்டம்பர் 18, வியாழன்

நின்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

மீனம்பாக்கம் தாண்டியதும் கால் மடங்கிவிட்டது. விழவில்லை, கதவோரத் தரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கொய்யாக் கூடையோடு ஒரு அம்மா. "நீட்டிக்க தாயி, என் கூடைய அந்தப் பக்கம் தள்ளிக்கிறேன்" என்றாள். கஞ்சி போட்ட காட்டன் சேலையோடு தரையில் உட்கார்ந்து பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி எல்லாவற்றையும் முழங்கால் உயரத்தில் பார்த்துக்கொண்டு போனேன். தெரிந்த முகங்கள் ஒரு பன்னிரண்டு இருக்கும். ஒருத்தி எழவில்லை.

அழுதேன் என்று எழுதுவதில் என்ன இருக்கிறது? அழுதேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை விடுமுறை. ஆகவே வழக்கம்போல் இன்றே பெட்டிக்குப் பூஜை. கதவில் மாவிலைத் தோரணம், கம்பிகளுக்குச் சந்தனம் குங்குமம், எல்லோருக்கும் சுண்டல். வருஷா வருஷம் முதல் தீபாராதனை என் கையால்தான் நடக்கும். இன்று குமுதா தட்டை எடுத்து வேறொருத்தியிடம் கொடுத்தாள்.

நான் விடவில்லை. கூட்டத்தில் தள்ளிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன். "என்னடி, எல்லாரும் சேர்ந்துக்கிட்டு என்னைத் தள்ளி வைக்கிறீங்களா? நான் என்ன செஞ்சேன்?"

குமுதா சுண்டல் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "தனம்க்கா, அந்தப் பொண்ணு யாருன்னு உங்களுக்கு நெஜமாவே தெரியலயா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நிரோஷா. பிப்ரவரில பிலோக்கா உங்க சீட்டுல உக்கார வச்சாங்களே, மாசமா இருந்த பொண்ணு. அவதான். கொழந்தைக்கு ஆறு மாசம் ஆச்சு, வேலைக்குத் திரும்பியிருக்கா."

குமுதா குரலைத் தாழ்த்தினாள்.

"பிலோக்கா ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே அவளுக்குப் போன் பண்ணிருக்காங்க. 'கூடுவாஞ்சேரில தனம் ஏறும். அதுக்கு நிக்க முடியாது. ஜன்னலோரம் போட்டு வையி. என் பேரச் சொல்லிடாத, சொன்னா உக்காராது'ன்னு. அவ தெனமும் போட்டா. நீங்க தூக்கிப் போட்டீங்க. போலீஸக் கூப்பிட்டீங்க. இப்ப அது முந்தின வண்டிக்குப் போவுது, கொழந்தைய அரை மணி நேரம் முன்னாடியே விட்டுட்டு."

"பிலோவுக்கு என்ன?"

"அத நீங்க அவங்களத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

முதல் தடவையை எழுதப் போவதில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் நான் ஏறியபோது என் இடத்தில் ஒரு நிறைமாதக்காரி. பிலோமினா தன் இடத்தை அப்போதே வேறொரு கிழவிக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். "தனம், இன்னிக்கு ஒரு நாள் சமாளிச்சுக்கடி, பாவம் இந்தப் பொண்ணு" என்று சிரித்தாள். என்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டாளே என்ற ஆத்திரம். கால் வேறு. கிண்டி வரை பொறுத்தேன். அப்புறம் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "பெத்தவ நான் நிக்கிறேன். பெறாதவளுக்குப் புள்ளத்தாச்சி மேல என்ன இவ்ளோ கரிசனம்?"

பிலோமினாவுக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். குழந்தை இல்லை. அவள் போகாத கோவில் இல்லை, சர்ச் இல்லை. அதில் பாதிக்கு நானும் துணைக்குப் போயிருக்கிறேன்.

அவள் மறுநாளும் கர்ச்சீப் போட்டாள். அந்த நிறைமாதக்காரியின் முகம் எனக்கு ஞாபகமில்லாததில் ஆச்சரியம் என்ன? அன்றைக்கு நான் பார்த்தது வயிற்றை மட்டும்தான்.

அக்டோபர் 1, புதன்

செங்கல்பட்டு போனேன். மேம்பாலம் ஏறி இறங்க இருபது நிமிஷம் ஆயிற்று. ஆப்பிள் வாங்கிக்கொண்டேன்.

கதவைத் திறந்தது அவள் வீட்டுக்காரர் சூசை. முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் வழிவிட்டார். பிலோமினா வயிற்றின் மேல் தலையணையை அணைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"என்ன, சீட்டு கிடைக்கலையா?" என்றாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். "உக்காரச் சொல்லமாட்டியா, பிலோ?"

"இங்கயும் கர்ச்சீப் போட்டு வைக்கணுமா?"

உட்கார்ந்தேன். என்ன ஆபரேஷன் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. கட்டி. நல்லவேளை, வேற ஒண்ணுமில்லையாம். இருந்ததும் ஒரு வேலையும் செய்யல, போவட்டும்னு விட்டுட்டேன். இனிமே நீ சொன்னதுக்கு டாக்டர் சர்டிபிகேட்டே இருக்கு."

சூசை சமையலறைக்குள் போய்விட்டார். ஆப்பிள் பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டேன்.

"அப்புறம் எதுக்குடி எனக்குத் தெனமும் இடம் போட்ட? அவளயும் போடச் சொன்ன?"

"உனக்காகன்னு நெனச்சியா? நீ கம்பியப் புடிச்சுக்கிட்டுப் பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கிறதப் பாத்துக்கிட்டு என்னால வர முடியாது. அது என் வியாதி. அதுக்கு ஆபரேஷன் கெடையாது." தலையணையைச் சரிசெய்துகொண்டாள். "மன்னிச்சிடுன்னு சொல்ல வந்தியா?"

"ஆமா."

"சொல்லாத. சொல்லிட்டா உனக்கு நிம்மதியா ஆயிடும்."

ஆப்பிள் பையை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை சூசை வந்தார். "டிசம்பர் ஒண்ணாந்தேதி டூட்டிக்குப் போறா. அதே வண்டிதான். ரொம்ப நேரம் நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று என்னிடம் சொல்லாததுபோல் சொன்னார்.

நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப்பைக் கொடுக்கத்தான் எடுத்துப் போனேன். கொடுக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

அஞ்சே முக்காலுக்குச் செங்கல்பட்டு வண்டி. ஆறேகாலுக்கு அங்கே இறங்கி நிரோஷாவுக்காகப் பிளாட்பாரத்தில் நின்றேன். ஓடி வந்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே திரும்பிப் பொதுப் பெட்டியில் ஏறிக்கொண்டாள். ஆண்கள் கூட்டத்தோடு போவது இதைவிட மேல் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நியாயம்தான்.

அடுத்த வண்டி ஆறு ஐம்பத்தைந்து. கூடுவாஞ்சேரியில் ஏழு இருபத்திரண்டுக்கு வருகிற அதே வண்டி. காலியாகக் கிடந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இவ்வளவு சுலபமா? ஒன்றரை மணி நேரம் முன்னால் எழுந்து, பின்னால் போய், முன்னால் வந்தால் இடம். பதினோரு வருஷம் எனக்காக ஒருத்தி இடம் போட்டுக்கொண்டிருந்ததால் எனக்குத் தோன்றவே இல்லை.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்து இன்று மறுபடி ஆபீஸ். தினமும் இப்போது இதே வழி. நான் இரண்டாவது இடத்தில் உட்கார்ந்து ஜன்னலோரத்தில் நீலக் கட்டத்தைப் போட்டு வைக்கிறேன். மறைமலைநகர் வந்தால் வசவு ஆரம்பிக்கும்.

"யாருக்கும்மா இந்த எடம்?"

"வருவாங்க."

"எப்ப?"

"டிசம்பர்ல" என்றேன். கேட்டவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாள். கூடுவாஞ்சேரி வந்ததும் கர்ச்சீப்பை எடுத்துவிடுகிறேன், யாராவது உட்காரட்டும். குமுதா பார்க்கிறாள், கேட்பதில்லை.

நவம்பர் 14, வெள்ளி

மழை. ஜன்னல் வழியாகச் சாரல். கர்ச்சீப் நனைந்துவிட்டது. வீட்டில் துவைத்து இஸ்திரி போட்டேன். வீட்டுக்காரர், "இது யாரோடது?" என்றார். "என்னோடது இல்ல" என்றேன்.

டிசம்பர் 1, திங்கள்

அஞ்சரைக்கே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். ஆறு ஐம்பத்தைந்தில் வழக்கமான வரிசை, ஜன்னலோரத்தில் கர்ச்சீப், பக்கத்தில் நான்.

பிலோமினா ஏறினாள். பின்னாலேயே நிரோஷா, அவள் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு. முந்தின வண்டி ரத்து என்பதால் பெட்டி அதற்குள் நிரம்பிவிட்டது. பிலோமினா தன் கர்ச்சீப்பைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து அதை எடுத்தாள், நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

"நிரோஷா, நீ உக்காரு" என்றாள்.

"நீங்க உக்காருங்க பிலோக்கா, தையல் போட்ட ஒடம்பு..."

"உக்காருன்னா உக்காரு. ராத்திரி முழுக்கக் கொழந்தைய வச்சுக்கிட்டு முழிச்சிருக்க."

என்னைத் தாண்டி நிரோஷா ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பிலோமினா கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். பிப்ரவரியில் நின்ற அதே இடம். என்னைக் கேட்காமல் என் இடத்தை, அதே பெண்ணுக்கு. இப்போது என்ன சொல்லப் போகிறாய் என்று காத்திருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். குமுதா இன்னும் ஏறவில்லை, ஏறியிருந்தால் அவளும் காத்திருப்பாள்.

நான் எழுந்தேன். வாயைத் திறக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நகர இடம் பார்த்தேன், கூட்டத்தில் நகர முடியவில்லை. பிலோமினா என் இடத்தில் உட்கார்ந்தாள்.

பரனூர், சிங்கபெருமாள்கோவில், மறைமலைநகர். நிரோஷா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள், ஒரு தடவையும் என் பக்கம் திரும்பவில்லை. முழங்கால் காட்டாங்குளத்தூரிலேயே துடிக்க ஆரம்பித்துவிட்டது. பொத்தேரியில் பல்லைக் கடித்தேன். பல்லைக் கடிப்பது வெளியே தெரியும் என்று ஞாபகம் வந்து, விட்டுவிட்டேன்.

கூடுவாஞ்சேரி வந்தது. நான் வழக்கமாக ஏறுகிற கதவு வழியாக ஒரு கூட்டம் ஏறி என்னை இடித்துத் தள்ளியது. தோள் பை நழுவியது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை என்று தடுமாறினேன்.

பிலோமினா இன்னும் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் என் பக்கம் நீண்டது.

"பையக் குடு" என்றாள்.

கொடுத்தேன். தையல் போட்ட வயிற்றில் படாமல், முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள்.